செனட்டரின் பட்டினி

நெப்ராஸ்காவில் நவம்பர் பிறந்ததும் நார்பர்ட் ஹ்ருஷ்கா தம் ஆமையைக் குளிர்காலத் தூக்கத்துக்குத் தயார்செய்யத் தொடங்கிவிடுவார். முப்பத்தோரு வருஷம் தபால் ஆபீசில் கடிதம் பிரித்தவர். எதையும் கட்டம் போட்டு எழுதாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஆமையின் பெயர் செனட்டர். நிறையச் சாப்பிடுவார், மெதுவாக நகர்வார், கேள்வி கேட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார். பொருத்தமான பெயர்தான்.

முறை எளிது. மூன்று வாரம் பட்டினி, தினமும் வெதுவெதுப்பான நீரில் குளியல். வயிறு காலியானதும் கார் கொட்டகையிலுள்ள பழைய ஃபிரிட்ஜின் சீரான குளிரில், மண் நிரப்பிய பெட்டிக்குள் மூன்று மாதத் தூக்கம். வயிற்றில் ஒரு வாய் மிச்சமிருந்தாலும் அது உள்ளே அழுகி ஆமை செத்துவிடும் என்று கால்நடை மருத்துவர் சொன்னதை, நார்பர்ட் சிவப்பு மையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். குளியல் நேரத்தில் கொட்டகைக்குள் யாரும் வரக் கூடாது, செனட்டர் மிரண்டுவிடுவார் என்றும் ஓர் உத்தரவு போட்டார்.

இரண்டு வாரம் பட்டினி கிடந்த செனட்டர், பதினாறு கிராம் கூடியிருந்தார்.

நார்பர்ட் தராசைத் திட்டினார். புதுத் தராசு வாங்கினார். அது பதினெட்டு என்றது. அடுத்து, கீழ்த்தளத்தில் குடியிருந்த மனைவியின் தம்பி எம்மெட்டைப் பிடித்தார்.

"உண்மையச் சொல்லு. ஆமைக்கு ஏதாவது போட்டியா?"

"மச்சான், எனக்கே இந்த வீட்டுல தட்டுல ஒழுங்கா ஒண்ணும் விழறதில்ல. இதுல ஆமைக்கு நான் விருந்து வைக்கிறேனாக்கும்!"

"அவன ஏன் குடையற?" என்றாள் மனைவி கிளெண்டா. "டாக்டர் உனக்கு இனிப்ப நிறுத்தச் சொல்லி ஆறு வாரமாச்சு. நீ பெல்ட்டத் தளர்த்தப் புது ஓட்டை போட்டிருக்க."

"எனக்கு எலும்பு கனம்" என்றார் நார்பர்ட், கண்ணியத்துடன்.

மறுநாள் செனட்டரின் எச்சத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. பூச்சி முட்டைதான், சந்தேகமே இல்லை. ஒரு குப்பியில் எடுத்து, தேதியும் மணியும் எழுதி ஒட்டி, சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார்.

கிளெண்டா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "போன வருஷப் பூச்சி மருந்து மிச்சமிருக்கு. நாளைக்குக் குடுத்துட்டு, ஞாயித்துக்கிழமை ஃபிரிட்ஜுல வெச்சுடு."

அதுவும் கட்டத்தில் ஏறியது.

அன்று மூன்று மணிக்கு வழக்கம்போல் கதவைத் தாழிட்டுக் குளிப்பாட்டினார். செனட்டரைத் துண்டில் விட்டுவிட்டு, பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு தகரப்பெட்டியை எடுத்தார். குளியலுக்குத் தனிமை கேட்ட உத்தரவின் முழு நியாயமும் அதற்குள் இருந்தது: சர்ச் பெண்கள் விற்கும் கொலாச்சி, நடுவில் கறுப்புக் கசகசா வைத்த இனிப்பு ரொட்டி. ஒரு கடி கடித்தார். துகள் உதிர்ந்தது. செனட்டர் வாழ்நாளில் காட்டாத வேகத்தில் வந்து அதைத் தின்றார்.

நார்பர்ட்டின் வாய் அசைவது நின்றது.

வாயைத் திறக்காமல் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை வயிறு நிறைய ரொட்டியோடு செனட்டர் ஃபிரிட்ஜுக்குள் போவார், பிணமாகத்தான் வருவார். திறந்தால், இனி ஜென்மத்துக்கும் கொலாச்சி கிடையாது. நெடுநேரம் யோசித்தார். நெடுநேரம் என்றால், மிச்சப் பாதியைத் தின்று முடிக்கும்வரை.

பிறகு தகரப்பெட்டியோடு சமையலறைக்குப் போனார்.

"கிளெண்டா, மருந்து வேணாம். அது முட்டை இல்ல. கசகசா."

"செனட்டர் கடைக்குப் போய் வாங்கிட்டு வந்தாராக்கும்?"

"நான்... கொஞ்சம் சிந்திட்டேன்."

கீழ்த்தளத்திலிருந்து எம்மெட்டின் குரல் வந்தது. "சிந்தினதே பதினெட்டு கிராம்னா, உள்ள போனது எவ்வளவு மச்சான்?"

பட்டினி முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கியது. காலியாக இருந்த ஃபிரிட்ஜில், நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்துக்கான வான்கோழி வந்து உட்கார்ந்தது. செனட்டரின் அட்டவணைக்குப் பக்கத்தில் கிளெண்டா இன்னொன்றை ஒட்டினாள். அதே கட்டம், அதே சிவப்பு மை, மேலே நார்பர்ட் என்று பெயர். விருந்தன்று எம்மெட் மூன்று தட்டு காலிசெய்தான். நார்பர்ட் அவித்த கேரட்டைத் தின்றுவிட்டு, கதவை விரியத் திறந்துவைத்துச் செனட்டரைக் குளிப்பாட்டினார்.

டிசம்பர் இரண்டாம் வாரம், இருபத்தேழு கிராம் இளைத்து, வெறும் வயிற்றோடு செனட்டர் ஃபிரிட்ஜுக்குள் போனார். காற்று மாற நார்பர்ட் தினமும் ஒருமுறை கதவைத் திறப்பார். உள்ளே நிம்மதியான தூக்கம். அவர் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். நார்பர்ட்டின் அட்டவணையில் பட்டினி முடிந்து தூங்கப்போகும் தேதி எதுவும் போடப்படவில்லை.