நாலு சிவப்பு ஸ்டாண்டு

மாடிக்குப் பத்தொன்பது படி. கைப்பிடி கிடையாது. வீட்டுக்காரர் சுவரைப் பூசி முடித்ததும் கம்பி வைப்பதாகச் சொன்னார், அத்தோடு மறந்துபோனார். படப்பை பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த அந்த மாடி அறைக்கு டெனிசனை நாலு பேர் நாற்காலியோடு தூக்கிவந்து வைத்தார்கள். அது 2010 நவம்பர். இடது தொடையில் தகடு, முழங்காலுக்குக் கீழே பாதி உணர்வு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன நாட்களைத் தவிர அவன் கீழே இறங்கவில்லை.

மனைவி ஜாய், சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் லைனில் நின்று வேலை செய்தாள். ஷிப்டுக்குக் கிளம்பும்போது கதவை வெளியே பூட்டி, சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுப் போவாள்.

"பூட்டாம போனா நீ எறங்கிப் பாப்ப. வுழுந்து கெடந்தா யாரு தூக்கறது?" என்றாள்.

எட்டு மணி நேரம், ஓ.டி. என்றால் பன்னிரண்டு மணி நேரம், அவனுக்கு ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே "தாம்பரம், தாம்பரம்" என்று கூவும் ஷேர் ஆட்டோக்கள். அவன் படுத்திருந்தாலும் விரல்கள் படுக்க மறுத்தன. பதினெட்டு வருஷம் நட்டு, போல்டு பிடித்த விரல்கள். ஒரு நாள் உடைந்த குடையின் கம்பியை வெட்டி, அரம் வைத்துத் தேய்த்து, ஒரு ஸ்பானர் செய்தான். நகத்தின் நீளம்தான். பதினாலாம் நம்பர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவனைப் பார்க்க வந்த தங்கை ஜெபமணி, அதைத் தீப்பெட்டி மேலிருந்து எடுத்தாள்.

"இது இன்னாண்ணா, பல்லு குத்தறதா?"

"ஸ்பானர். உன் வூட்டுக்காரன் ஒரு நாளைக்குப் பத்து வாட்டி தொலைச்சிட்டு, நான் ஒளிச்சி வச்சிக்கினேன்னு சண்டைக்கு வருவானே, அது."

ஜெபமணி சிரித்தாள். கன்னியப்பன் செத்து நாலு மாதத்தில் அவள் சிரித்து அவன் பார்த்தது அன்றுதான். சிரித்த வாயை உடனே முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"முழுசா செய்யேண்ணா. ஷாப்பையே செஞ்சிரு. நான் உள்ள வந்ததே இல்ல தெரியுமா? கேரியர கேட்டாண்டயே வாங்கிக்கினு அனுப்சிருவாரு. ஆயிலு, பொடவ வீணாப்பூடும்னு. அவரு எங்க நின்னாரு, எங்க உக்காந்து துன்னாரு..." ஸ்பானரைத் தீப்பெட்டி மேலேயே திரும்ப வைத்தாள். "எங்க படுத்தாரு. எனக்குத் தெரியணும்."

மாட்டேன் என்று சொல்ல அவனிடம் காரணம் இல்லை. காரணம் இருந்தது, சொல்லக்கூடியது இல்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்த மூன்றாம் நாள் ஒரு போலீஸ்காரர் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டார். "வண்டிக்கு அடியில ஸ்டாண்டு கொடுக்காம எப்படிப்பா படுத்தான்? ஷாப்புல ஸ்டாண்டே கெடையாதா?"

"இருந்துச்சி சார். மச்சான் வைக்கல."

அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு வாக்கியம் இருந்தது. ஜாக்கில் தூக்கிய வண்டிக்கு முட்டுக் கொடுக்கும் ஸ்டாண்டை எடுக்கத்தான் கன்னியப்பன் போனான், வேண்டாம் என்று தடுத்தது டெனிசன். அந்த வாக்கியத்தை அவன் விழுங்கிவிட்டான்.

அது இருந்திருக்க வேண்டிய இடத்தை ஊர் நிரப்பிக்கொண்டது. ஸ்டாண்டு பக்கத்திலேயே இருக்கும்போது எவன் வெறும் ஜாக்கை நம்பிப் படுப்பான்? அன்று ஆயுதபூஜை வேறு. குடித்திருப்பான். பிள்ளைப்பாக்கத்தில் கன்னியப்பனின் அம்மா கங்காவே அப்படித்தான் சொல்லி அழுதாள். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் குடி என்று ஒரு எழுத்துக்கூட இல்லை. காகிதத்தை யார் படித்தார்கள்? "அவரு குடிக்க மாட்டாரு அத்தே" என்று ஜெபமணி சொன்னால், "எந்தக் குடிகாரன்டி பொண்டாட்டியாண்ட சொல்லிட்டுக் குடிக்கிறான்?" என்று கேட்டாள் கங்கா. அந்த வீட்டில்தான் ஜெபமணி தன் மகளோடு இருந்தாள். குழந்தைக்கு ஐந்து வயது. அவளைத் தெருவில் குடிகாரன் பொண்ணு என்றார்கள்.

டெனிசன் ஒர்க்‌ஷாப்பைக் கட்ட ஆரம்பித்தான்.

ஒரு அட்டைப்பெட்டிக்குள், ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டான். ஷட்டரிலிருந்து கம்ப்ரஸருக்கு ஒன்பது எட்டு. அங்கிருந்து வெல்டிங் மூலைக்கு ஐந்து. நடக்க முடியாத காலால் கண்ணை மூடி நடந்து நடந்து அளந்தான். அட்டையின் உள்தாளை உரித்தால் தகரக் கூரை. செருப்பை வட்டமாக அறுத்தால் டயர். ஊசி மருந்துக் குப்பி கம்ப்ரஸர் ஆனது, காலி பேனா ரீபிள் டியூப் லைட் ஆனது. அவனுக்கே போட்ட சிரிஞ்சின் நுனியை வெட்டி ஜாக் செய்தான். தரைக்கு டீ டிகாஷனில் கொஞ்சம் விளக்குக் கரி குழைத்துப் பூசினான். ஆயில் குடித்த சிமெண்டின் நிறம் அப்படியே வந்தது.

ஷட்டருக்கு மேல் ஊசி முனையால் பெயர்ப் பலகை எழுதினான்: கே.டி. ஆட்டோ ஒர்க்ஸ். கன்னியப்பன், டெனிசன் இரண்டு பேரின் முதல் எழுத்து. தாம்பரத்தில் ஒரே கேரேஜில் தொழில் கற்றவர்கள், பிறகு ஒரகடத்தில் கம்பெனி வேன்கள் பெருகிய காலத்தில் சேர்ந்து கடை போட்டார்கள். "இன்னா, கேடிங்க ரெண்டு பேரும் உள்ளதான் கீறீங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் வேன் டிரைவர்கள் வருவார்கள். நடுவில் கன்னியப்பன் ஜெபமணியைக் கட்டிக்கொண்டான். இரண்டு வீட்டிலும் இரண்டு வருஷம் பேச்சு இல்லை. கடையில் மட்டும் பேச்சு நிற்கவே இல்லை.

வேலை செய்யும்போது டெனிசன் அந்த அட்டைக் கடைக்குள்தான் இருந்தான். மாலையில் நிமிர்ந்தால் பூட்டிய கதவு. அதைவிட உள்ளே இருப்பது மேல் என்று மறுபடி குனிந்தான். கொஞ்ச நாளில் அங்கும் வெளியே வர வழியில்லாமல் போயிற்று. எதைச் செய்தாலும் அது அந்த மூலையில், அந்தத் தரையில் போய் முடிந்தது.

ஸ்டாண்டுகளைக் கடைசியில் செய்தான். மூன்று கால் வைத்த இரும்பு ஸ்டாண்டு நாலு. கன்னியப்பன் பழைய பைப்பை வெட்டி, தானே வெல்டிங் வைத்து, சிவப்புப் பெயிண்டு அடித்தது. டெனிசன் ஜாயின் நகப்பூச்சை எடுத்து அடித்தான். நாலையும் கம்ப்ரஸர் மூலையில், சாதாரண நாளில் அவை இருக்கும் இடத்தில் வைத்தான்.

ஜெபமணி வந்து, முட்டி போட்டு, ஷட்டர் வழியாக உள்ளே பார்த்தாள். ஒவ்வொன்றாக விரல் நீட்டிக் கேட்டாள். எல்லாம் கேட்ட பிறகு, "பூஜ எங்கண்ணா?" என்றாள்.

"இன்னா பூஜ?"

"அன்னைக்கு ஆயுதபூஜ. சாமி படம், மால, பொரி ஒண்ணும் காணோமே. அத்த காலைலயே வந்து எல்லாம் செஞ்சாங்களே. வேற என்னிக்கோ மாரி கீது. எனக்கு அன்னைக்குத்தான் வேணும்."

"பாக்கலாம்."

"பாக்கலாம் இல்ல, செஞ்சி வை. அடுத்த வாரம் வரேன்."

அந்த வாரம் முழுக்க அவன் அந்தப் பெட்டியைத் தொடவில்லை.

விஷயம் கன்னியப்பன் செத்ததற்கு முந்தைய வருஷம் தொடங்கியது. அந்த ஆயுதபூஜைக்கும் கங்காதான் வந்து படைத்தாள். கடையைக் கழுவி, ஸ்பானர், சுத்தியல், ஜாக், ஸ்டாண்டு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படங்களுக்கு முன்னால் அடுக்கினாள். மறுநாள் காலையில் மறுபூஜை போட்ட பிறகுதான் தொட வேண்டும். டெனிசன் அதை அவ்வளவாக எண்ணவில்லை. யாரோ ஒரு டிரைவர் அவசரம் என்றதும் பூஜையிலிருந்து பதினாலாம் நம்பர் ஸ்பானரை உருவிவிட்டான். கங்கா பார்த்துவிட்டாள்.

"ஏம்பா, உங்க கோயில்ல அப்பம் வச்சிருக்கசொல்லோ எவனாச்சும் பூந்து ஒண்ண எடுத்து வாயில போட்டுக்கினா வுட்ருவீங்களா?"

கடைக்கு வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். டெனிசனுக்குக் காது சுட்டது. தங்கையைக் கொடுத்த வீடு. கங்கா சொன்னதில் நியாயமும் இருந்தது. அடுத்த வருஷம் அவனே விடியற்காலையில் வந்து கடையைக் கழுவினான். படைத்த பொருள் பக்கம் ஒருவரையும் அண்ட விடவில்லை. "மச்சான், நீ எங்களயே தூக்கி சாப்ட்ருவ போலக்கீதே" என்று கன்னியப்பன் கேலி செய்தான்.

கங்கா படைத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு, மத்தியானம் ஒரு கம்பெனி வேன் வந்தது. பின்சக்கரத்துக்குப் போகும் ஷாப்டில் போல்டு லூஸ். டக், டக் என்று சத்தம். இரண்டாம் ஷிப்டுக்குப் பெண் பிள்ளைகளை ஏற்ற வேண்டும், வேறு வண்டி இல்லை என்றான் டிரைவர். கடை வாடகை இடத்தில், குழி தோண்ட நிலத்துக்காரர் விடவில்லை. வண்டியைத் தூக்கித்தான் அடியில் படுக்க வேண்டும். வேனிலேயே ஜாக்கும் ஸ்பானரும் இருந்தன. பூஜைக்கு வைக்காதவை. அவற்றைத் தொடலாம். வேனைத் தூக்கிவிட்டு, கன்னியப்பன் சாமி படத்துப் பக்கம் நடந்தான்.

"எங்கடா போற?"

"ஸ்டாண்டு எடுக்க."

"டேய், படைச்சத தொடாத. உங்கம்மா வந்தா யாரு பேச்சு வாங்கறது?"

"சாமி ஒண்ணும் கோச்சிக்காது மச்சான். சந்தனத்த தொட்சிட்டு வச்சிக்கலாம்."

"அஞ்சி நிமிசத்து வேல. ஜாக்கே நிக்கும். நான் புட்ச்சிக்கறேன், நீ படு."

கன்னியப்பன் பாதியில் நின்றான். தன் அம்மாவின் மானத்துக்காக மச்சான் இவ்வளவு பார்க்கிறானே என்று நினைத்தானோ என்னவோ, சிரித்துக்கொண்டே திரும்பி வந்து படுத்தான்.

கழுவிய தரை. பல வருஷத்து ஆயில் மேல் தண்ணீர் பட்டு, காய்ந்த மாதிரி தெரிந்தது, காயவில்லை. இரண்டாவது போல்டை அவன் இழுத்து முறுக்கியபோது ஜாக்கின் அடி வழுக்கியது. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த டெனிசனின் இடது கால் வண்டிக்கு அடியில் நீண்டிருந்தது. கால் மட்டும்தான்.

சனிக்கிழமை காலையில் அவன் பெட்டியை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டான். காலண்டரிலிருந்து விரல் நகத்தளவு சாமி படங்கள் மூன்று வெட்டினான். ஜாய் வைத்திருந்த செவ்வந்தியில் இதழ்களைக் கோத்து மாலை போட்டான். ரவையை எடுத்துப் பொரி ஆக்கினான். அட்டையில் ஒரு வேன் செய்து ஜாக்கின் மேல் தூக்கி நிறுத்தினான். நாலு ஸ்டாண்டையும் கம்ப்ரஸர் மூலையிலிருந்து எடுத்தான். மூலையிலேயே வைத்தால் ஜெபமணி பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவாள். அத்தோடு முடிந்தது. அவனும் இந்த அறையும் இப்படியே இருக்கலாம். வெகுநேரம் அவற்றை உள்ளங்கையிலேயே வைத்திருந்தான். பிறகு ஒவ்வொன்றுக்கும் தீக்குச்சி முனையால் மஞ்சள் புள்ளி வைத்து, அதன் நடுவே சிவப்பு வைத்து, படங்களுக்கு முன்னால் நிறுத்தினான். ஒட்டவில்லை. பசை கையில் இருந்தும் ஒட்ட மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜாய்க்கு ஓ.டி. ஜெபமணி கீழ்வீட்டில் சாவி வாங்கித் திறந்து வந்தாள். முட்டி போட்டுப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள், பொரியைப் பார்த்தாள், ஜாக்கின் மேல் நின்ற வேனைப் பார்த்தாள். பார்வை திரும்பவும் படத்துக்கு முன்னால் போனது.

"செவப்பா கீதே, அது ஸ்டாண்டுதான?"

"ஆமா."

"பூஜைல ஏன் கீது?"

அவன் சொன்னான். முந்தின வருஷத்து ஸ்பானரிலிருந்து, போலீஸ்காரரிடம் விழுங்கியது வரைக்கும் சொன்னான். சொல்லும்போது ஜன்னலைத்தான் பார்த்தான். கீழே தாம்பரம், தாம்பரம் என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

ஜெபமணி அழவில்லை. கையை உள்ளே விட்டு, இரண்டு விரலால் ஒரு ஸ்டாண்டைத் தூக்கினாள். வேனுக்கு அடியில், ஜாக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். வேனின் அடிச்சட்டத்துக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே மயிர் நுழைய இடமில்லை. ஜாக்கை உருவினாள். வேன் அசையாமல் நின்றது.

அப்படி நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். அளவு எடுத்துச் செய்தவன் அவன்தான். ஆனாலும் அதைப் பார்க்க முடியவில்லை.

"எடுத்து வைக்க எவ்ளோ நேரம் ஆயிருக்கும்ணா?"

"ரெண்டு நிமிசம்."

அவள் ஜாக்கைத் திரும்ப வைத்தாள். ஸ்டாண்டைப் பூஜையில் பழைய இடத்திலேயே, அந்தப் புள்ளி முன்னால் தெரியும்படி வைத்தாள். அவள் ஏதாவது சொல்லுவாள் என்று அவன் காத்திருந்தான். திட்டுவாள், அடிப்பாள், இனி வரமாட்டேன் என்பாள். அவள் கட்டிலில் கிடந்த போர்வையை எடுத்துப் பெட்டியைச் சுற்றிக் கட்டினாள்.

"அத்த வூட்லதான் கீறாங்க. ஞாயித்துக்கெழம, அக்கம்பக்கத்துல எல்லாரும் இருப்பாங்க. வந்து சொல்லு."

"நீயே சொல்லிரு ஜெபா. இத்த காட்டி..."

"ஏழு மாசமா நான் சொல்றத எவன் கேட்டான்? அவரு ஸ்டாண்டு எடுக்கப் போனாருன்னு நீ சொல்லணும். உன் வாயால. எம்பொண்ணு அங்க நிப்பா, அவ கேக்கணும்."

"எப்படிம்மா எறங்குவேன்? படி..."

"தெரியும். பத்தொம்பது."

பெட்டியை இடுப்பில் ஏந்திக்கொண்டு அவள் இறங்கிப் போனாள். கதவைப் பூட்டவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தான். ஓர் ஆட்டோவை நிறுத்திப் பேசினாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அண்ணாந்து பார்க்கவில்லை. டிரைவர் அவளைக் கேட்டான், "யாருக்கும்மா வெயிட்டிங்கு?" அவள் சொன்னது கேட்கவில்லை.

டெனிசன் கட்டிலில் சாய்த்திருந்த ஊன்றுகோலை எடுத்து வாசல்வரை வந்தான். முதல் படியைப் பார்த்ததும் தொடைத் தகடு குளிர்ந்தது. ஊன்றுகோலைக் கீழே விட்டான். அது தடதடவென்று உருண்டு, தெருவில் போய் விழுந்தது. இனி அது இல்லாமல் அறைக்குள் திரும்பவும் முடியாது. கைகளை ஊன்றி, நிலைப்படியில் உட்கார்ந்தான். இடது காலை இரண்டு கையாலும் தூக்கி அடுத்த படியில் வைத்தான். பிறகு உடம்பை இறக்கினான்.

ஒன்று.

கீழே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

"இருப்பா, வராரு" என்றாள் ஜெபமணி.

காலைத் தூக்கி அடுத்த படியில் வைத்தான்.