மாட்டு மருந்து

"ஊசி யார் போட்டது?" என்று மறுபடியும் கேட்டாள் டாக்டர். கட்டிலில் கிடந்தவர் இறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"அவரேதான் போட்டுக்கிட்டாரு," என்றாள் மனைவி.

டாக்டர் எழுதிக்கொண்டாள். "மலேரியாம்மா. மூளைக்கு ஏறிடுச்சு. காய்ச்சல் கண்ட அன்னைக்கே வந்திருந்தா மாத்திரையிலயே போயிருக்கும்."

இருபத்தாறு வருடம் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். உண்ணிக்காய்ச்சலில் ரத்தமாக மூத்திரம் பெய்த மாடுகளை எழுப்பி நிறுத்தியவர். தனக்குக் குளிர் நடுக்கம் வந்தபோது அதே மருந்துப் பெட்டியைத்தான் திறக்கச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மனைவி மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை தம்ளர் பறந்து வந்தது.

"மாட்டுக்கு உண்ணி, மனுசனுக்குக் கொசு. உள்ள பூந்து ரத்தத்தத் திங்கிற பூச்சி ரெண்டும் பங்காளிங்கடி. கன்னுக்குட்டி அளவு போடு."

ஒருக்களித்துப் படுத்திருந்தவரின் வலது புஜத்தில் போட்டாள். மறுநாள் அவருக்கு நினைவு தப்பியது. அப்போதாவது வண்டி கூப்பிட்டிருக்கலாம். கண் விழித்து ஆஸ்பத்திரியைப் பார்த்தால் என்ன செய்வாரோ என்று பயந்தாள். அதே இடத்தில் இரண்டாவது ஊசியைப் போட்டாள். வலிப்பு வந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

வீட்டில் அவருடைய அண்ணன் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "யார் பேச்சக் கேட்டான்? தன் கையாலயே குழி வெட்டிக்கிட்டான்."

துக்கத்துக்கு வந்த ஒரு பால்காரர் அவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "போன வாரம் அவர் ஊசி போட்ட மாடும்மா. இன்னைக்குக் காலைல எந்திரிச்சுத் தீனி எடுத்துச்சு."

பின்கட்டில் உடலைக் குளிப்பாட்டினார்கள். அவள் தண்ணீர் ஊற்ற, அண்ணன் தேய்த்தார். வலது புஜத்தில் அவர் கை நின்றது. நெல்லிக்காய் அளவு வீக்கம், சுற்றிலும் கருநீலம், நடுவில் அருகருகே இரண்டு புள்ளிகள்.

"இடது கையால இவனுக்குப் பேனா மூடியக்கூடத் தெறக்க வராதே," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அவள் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

அண்ணன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. துண்டை எடுத்து அந்தப் புஜத்தை ஒற்றித் துடைத்தார்.

"முழுக்கைச் சட்டை இருக்கா?"

பீரோவின் அடித்தட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. போட்டு வருடக் கணக்காகியிருந்ததால் மார்பில் மூடவில்லை. அண்ணன் அதை விட்டுவிட்டு, வலது மணிக்கட்டுப் பொத்தானை மட்டும் இறுக்கிப் போட்டார்.