ஷேவ் என்றொரு சொல்லும் தங்கையனின் அப்பாவும்

தோண்டுவது தங்கையன், பேசுவது பிலோமின்ராஜ். இதுதான் இருவருக்கும் இடையே இருந்த ஏற்பாடு.

பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டரான தங்கையனுக்கு ஆங்கிலச் சொற்களின் பூர்வீகத்தைக் கிளறுவதில் ஒரு கிறுக்கு. எந்தச் சொல் எந்த ஊரிலிருந்து கப்பலேறியது, வழியில் யாரைக் கட்டிக்கொண்டது என்றெல்லாம் மூன்று அகராதிகளை விரித்துவைத்துத் தேடுவார். ஆனால் நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் சொந்தப் பெயரே மறந்துபோகும். ஒருமுறை யூனியன் கூட்டத்தில் நன்றியுரை சொல்ல எழுந்து, "எல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவர். நன்றி இன்னும் பாக்கி.

பிலோமின்ராஜ் தென்னூரில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். செத்தால் என்ன கிடைக்கும் என்பதை உயிரோடிருப்பவனிடம் சொல்லிச் சிரிக்க வைக்கிற குரல் அவருக்கு. அந்தக் குரலில்தான் தங்கையனின் சொற்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில், ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூடும் வாசகர் வட்டத்துக்குப் போய்ச் சேரும். கடைசியில் பிலோமின்ராஜ், "தோண்டினது நம்ம தங்கையன்" என்பார். முப்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தங்கையன் தரையைப் பார்ப்பார். அது அவருக்குப் போதுமாக இருந்தது.

இந்த மாதச் சொல் 'ஷேவ்'. ஆறு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார்.

"ஷேவுக்கும் மூஞ்சிக்கும் ஆரம்பத்துல சம்பந்தமே இல்லைங்க," என்று பிலோமின்ராஜ் தொடங்கினார். "பழைய இங்கிலீஷ்ல அதுக்குச் சுரண்டுறது, செதுக்குறதுன்னுதான் அர்த்தம். ஆசாரி இழைப்புளி தள்ளும்போது சுருள் சுருளா விழுமே, அதுக்கு இன்னைக்கும் ஷேவிங்ஸ்னுதான் பேரு. மரத்துக்கு அப்புறம்தான் மாப்பிள்ளைக்கு வந்தது."

சிரிப்பு எழுந்தது. மூன்றாவது வரிசையில் தங்கையனின் உதடுகள் கூடவே அசைந்தன. அந்த மாப்பிள்ளை வரி அவர் எழுதியதுதான்.

"ரேஸர் லத்தீன் பக்கத்து ஆளு. அதுவும் சுரண்டுற குடும்பம்தான். பென்சில் எழுத்தை அழிக்கிற இரேஸர் அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. நம்ம சவரம் வடக்கேருந்து வந்தது, க்ஷௌரம். கத்திக்கு அங்க க்ஷுரம்னு பேரு. கிரேக்கத்துக்காரன் சவரக்கத்திக்கு வெச்சிருந்த பேரும் அதே வம்சம். சுத்தத் தமிழ்ல மழிக்கிறது. சிரைக்கிறதுன்னு இன்னொரு நல்ல வார்த்தை இருந்துச்சு. அதைத் திட்டுறதுக்குன்னு எடுத்துக்கிட்டோம். வேலை செய்யாதவனைத் திட்ட, வேலை செய்யறவன் தொழில எடுத்தோம் பாருங்க."

ஆறு பக்கமும் தீர்ந்தன. தங்கையன் தரையைப் பார்க்கத் தயாரானார். பிலோமின்ராஜ் தாள்களை மடித்துப் பையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"வார்த்தை கிடக்கட்டும். ஒரு விஷயம் சொல்லணும். எங்கப்பா பெரியாஸ்பத்திரியில கிடந்தாரு. வாதம். வலது பக்கம் பூரா விழுந்துருச்சு. 'நாளைக்குப் பெரிய டாக்டர் வர்றாருடா, இப்படிக் காட்டுப்பன்னி மாதிரியா கிடக்கிறது'ன்னாரு. எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி, குளிக்கிற சோப்பு, பெட்டிக்கடை ரேஸர். அதுவரைக்கும் நான் எங்கப்பா மூஞ்சியத் தொட்டதே இல்ல. அடிக்கிற கை அவருது, வாங்குற கன்னம் நம்முது. இடது கன்னத்துக்கு வந்தப்ப, சலூன்ல செய்யற மாதிரி, நாக்கால உள்ளேருந்து கன்னத்தத் தள்ளிக் குடுத்தாரு. கண்ணை மூடிக்கிட்டு, சின்னப் பிள்ளையாட்டம். வலது கன்னத்துக்கு வந்தேன். நாக்கு எழும்பல. தள்ளப் பார்க்கிறாரு, முடியல. நான் என் விரலால இழுத்துப் பிடிச்சுக்கிட்டேன்."

மாடியில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தங்கையனுக்கும் கண் நிறைந்து சட்டைக் காலரில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்துக்கொண்டு, பாவம் அந்த மனுஷர் என்று நினைத்தார். அப்புறம்தான் உறைத்தது, அந்த மனுஷர் தன் அப்பா என்று.

அப்பா போய்ப் பத்தாம் நாள், காவிரியில் அம்மா மண்டபம் படித்துறையில் தலையையும் மீசையையும் எடுத்துவிட்டு, ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்தபோது தங்கையன் அதைச் சொன்னார். கேட்டது ஒரே ஆள், பக்கத்தில் இருந்த பிலோமின்ராஜ். மனைவி மட்டுவார்குழலி அப்போது பிரசவத்துக்காக லால்குடியில் அம்மா வீட்டில் இருந்தாள். அவளிடம் சொல்ல ஒரு வேளை வாய்க்கவில்லை. பிறகு சொல்லாமலிருப்பதே பழகிப்போனது.

பிலோமின்ராஜின் அப்பா இறந்தபோது பிலோமின்ராஜ் துபாயில் இருந்தார். மண் போட்டு நாலாம் நாள்தான் வந்து சேர்ந்தார். அவரை விமான நிலையத்தில் போய் அழைத்து வந்ததே தங்கையன்தான்.

கைதட்டல் ஓய நேரமாயிற்று. 'தோண்டினது' என்ற வரி அன்று வரவில்லை.

காபி டம்ளரோடு தங்கையன் சுவரோரம் நின்றார். பிலோமின்ராஜின் மகள் சிவந்த மூக்கோடு வந்தாள்.

"அங்கிள், அப்பா இதை எங்ககிட்ட சொன்னதே இல்ல. தாத்தா கடைசிக்குக்கூட வரலன்னு அம்மா குத்திக் காட்டிக்கிட்டே இருப்பாங்க. அதுக்கு முன்னாடி லீவுல வந்து இவ்வளவும் பார்த்திருக்காரு. வாயத் திறக்கல பாருங்க. உங்களுக்குத் தெரியுமா அங்கிள்?"

உண்மையை உடைக்க ஒரு சொல் போதும். தங்கையன் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அவள் அப்பா இப்போதுதான் அவளுக்குக் கிடைத்திருக்கிறார், கிடைத்து முழுசாகப் பத்து நிமிஷம் ஆகவில்லை.

"தெரியும்மா," என்றார். "சொல்லிருக்கான்."

சொன்ன பிறகு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டோம் என்று தோன்றியது.

கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் பிலோமின்ராஜ் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"என்னடா, ஒண்ணும் சொல்லாம நிக்கிற."

"நல்லா இருந்துச்சு."

"கோவமா?"

"எங்கப்பாடா அது."

பிலோமின்ராஜ் சாவியைத் திருப்பி, மறுபடி அணைத்தார். "பேசிக்கிட்டே போறப்ப வந்துருச்சு தங்கையா. உம்பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும்னு இருந்தேன். எதிர்ல எம்மவ உக்காந்திருந்தா. நாக்குல எங்கப்பான்னு வந்துருச்சு."

"வந்ததும் நிறுத்தியிருக்கலாமே."

"நிறுத்தியிருக்கலாம்." ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டினார். "சொல்லும்போது எனக்கு எங்கப்பா மூஞ்சிதான் தெரிஞ்சுது. சத்தியமா. நான் அவரைக் கடைசியா பெட்டியிலகூடப் பார்க்கல."

"அதுக்கு?"

"நீ எப்படியும் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. உன்கிட்டச் சும்மாதானே கிடந்துச்சு."

தங்கையன் அந்த முகத்தைப் பார்த்தார். வழவழவென்று சிரைத்த முகம், காலை ஷேவிங் க்ரீம் வாசம் இன்னும் போகவில்லை. ஓங்கி ஒன்று விடலாம்போல இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அடித்துக்கொண்டால், மேலே இருக்கிற முப்பது பேரும் ஜன்னலுக்கு வந்து அதற்கும் கைதட்டுவார்கள்.

"கிடக்கலடா," என்றார். "வெச்சிருந்தேன்."

"ஏறு, வீட்ல விட்டுட்டுப் போறேன்."

"பஸ்ல போய்க்கிறேன்."

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. தங்கையனுக்குள் ஒரு முடிவு உருவாகிக்கொண்டிருந்தது. ஊருக்கு வேண்டாம், அந்தப் பெண்ணுக்கு வேண்டாம். குழலி ஒருத்திக்காவது தெரிந்திருக்க வேண்டும். நடந்தது இன்னாருக்கு என்று உலகத்தில் ஒரு ஆளாவது அறிந்திருந்தால் போதும். எப்படி ஆரம்பிப்பது என்று கன்டக்டர் முதுகைப் பார்த்து ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை வாசலில் நின்றார்.

"குழலி, எங்கப்பா ஆஸ்பத்திரியில கிடந்தாரே. நீகூட அப்ப லால்குடியில இருந்த. அங்க ஒருநாள் நான்தான் அவருக்கு ஷேவ் பண்ணி விட்டேன்."

"அப்படியா," என்றாள் குழலி, வெங்காயத்தை நறுக்கியபடி.

"இடது கன்னத்துக்குப் போனப்ப, நாக்கால உள்ளேருந்து தள்ளிக் குடுத்தாரு. வலது பக்கம் முடியல, நான் விரலால…"

கத்தி நின்றது. குழலி திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. பல்செட்டைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவரைப் பார்க்கிற பார்வை.

"ஏங்க, இது பிலோமின் அண்ணன் சொன்னதுல்ல? வட்டத்து குரூப்புல வீடியோ போட்டாங்க. ரெண்டு தடவை பார்த்து அழுதுட்டேன்."

"அது எங்கப்பா குழலி."

"சரி சரி. நல்லா சொன்னாரு, மனசுல ஒட்டிக்கிச்சு. எனக்குமே எங்கப்பா ஞாபகம்தான் வந்துச்சு. அதுக்காக அவர் அப்பாவுக்கு நடந்ததை மாமாவுக்கு மாத்திச் சொல்லலாமா? பாவங்க அவரு."

தங்கையன் வாயைத் திறந்தார். பிலோமின்ராஜுக்கும் சொல்லாத ஒன்று மிச்சமிருந்தது. நாடிக்கு அடியில் பிளேடு பட்டு ரத்தம் எட்டிப் பார்த்தபோது, குழறும் நாக்கோடு அப்பா அவரிடம் சொன்ன வார்த்தை. வீடியோவில் அது இல்லை. அதைச் சொன்னால் குழலி நம்பிவிடுவாள்.

ஆனால் சொன்னால் இன்றைக்கு இவள் அழுவாள், நாளைக்கு லால்குடிக்கு போன் போடுவாள். அப்புறம் இதுவும் தன்னிடம் இருக்காது.

"என்னமோ சொல்ல வந்தீங்க," என்றாள் குழலி.

"ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டுத் தங்கையன் சட்டையைக் கழற்றப் போனார்.