அரைக் கட்டைச் சுருதி

வேலணை அம்பலவாணர் ராசா வேஷம் கட்டத் தொடங்கி முப்பது வருஷம் ஆகியிருந்தது. தீவுப்பகுதித் திருவிழாக்களில் அவருடைய நாடகம் என்றால் சனம் நேரத்தோடு பாய் போட்டு இடம் பிடிக்கும். ஐம்பத்தைந்து வயதிலும் ஐந்து கட்டைச் சுருதியில் பாடுகிறவர் என்று பெயர். அந்தப் பெயரை யாராவது கெடுத்துவிடுவார்களோ என்று அவர் எவரையும் நம்புவதில்லை. மேடைக்குப் பின்னால் தேத்தண்ணி நீட்டினால், நீட்டியவரையே முதலில் ஒரு வாய் குடிக்கச் சொல்வார்.

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து மூன்றில் அவருடைய ஆர்மோனியப் பெட்டியைக் கறையான் அரித்துவிட்டது. இந்தியச் சாமான் வருவது நின்றுபோயிருந்த காலம். அந்தத் தடையால்தான் ஊர்காவற்றுறை ஜசிந்தாவின் கை ஓங்கியது. அவள் தச்சனின் மகள். பலாப் பலகையில் பெட்டி இழைத்து, துருத்தி கட்டி, பழைய பெட்டிகளில் கழற்றிய, காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை நாக்குகளைப் பொருத்தி, கையாலேயே ஆர்மோனியம் செய்தாள்.

அம்பலவாணருக்கு இருபது வருஷமாக ஆர்மோனியம் வாசிக்கிறவர் முருகேசு. பெட்டியும் அவர் வீட்டில்தான் இருக்கும். பெட்டி ஜசிந்தாவிடம் போகப்போகிறது என்று கேட்டதும் ஓடி வந்தார்.

“அண்ணை, அவளிட்டைக் குடுக்காதேங்கோ. உங்கடை பெட்டியிலை கிடக்கிறது ஜெர்மன் நாக்கு, கண்டா மாத்திப்போடுவாள். நானே எப்பிடியும் ஒட்டிப் பாக்கிறன்.”

ஒட்டுகிற நிலையில் பெட்டி இல்லை. ஆனால் அந்தச் சொல் அம்பலவாணருடைய மனதில் தைத்துவிட்டது. ஒவ்வொரு நாக்கின் சட்டத்திலும் ஆணியால் ஒரு புள்ளி குத்திவிட்டுத்தான் பெட்டியைக் கொடுத்தார். அதன்பிறகும் ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறிப் போய், ஜசிந்தாவின் பட்டறையில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

“ஐயா, இப்பிடிக் காவல் இருந்தா எனக்குக் கை ஓடாது.”

“நீ உன்ரை வேலையைப் பார் பிள்ளை. நான் என்ரை வேலையைப் பாக்கிறன்.”

இடையில் காய்ச்சல் வந்து இரண்டு கிழமை போக முடியவில்லை. அடுத்தமுறை போனபோது ஆர்மோனியம் தயாராக இருந்தது. ஐந்தாம் கட்டையை அமத்திப் பாடினார். மேல் சட்சத்துக்கு ஏறும்போது குரல் பிளந்தது. திரும்பவும் பாடினார். திரும்பவும் பிளந்தது.

“நாக்கை மாத்திப்போட்டாய்!”

ஜசிந்தா பெட்டியைத் திறந்தாள். அவர் குத்திய புள்ளிகள் எல்லாம் இருந்தன.

“உங்கடை புள்ளியளை முதல் நாளே கண்டனான்,” என்றாள். “பெட்டி முழுக்க அரைக் கட்டை இறங்கிக் கிடந்தது ஐயா. அஞ்சு கட்டை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? அதுதான் இந்தச் சுருதிக்கவையைத் தட்டி, அதின்ரை நாதத்தோடை ஒத்து ஏத்தினனான். இதைப் பாருங்கோ. நுனியைச் சுரண்டினா சுருதி ஏறும், அடியைச் சுரண்டினா இறங்கும். ஒவ்வொரு நாக்கிலையும் அடியிலை அரம் போட்ட அடையாளம் கிடக்கு. இது தானா இறங்கேல்லை. ஆரோ வேணுமெண்டு இறக்கியிருக்கினம்.”

பெட்டி இத்தனை வருஷமும் யாருடைய வீட்டில் இருந்தது என்று அம்பலவாணர் நினைத்துப் பார்த்தார். அவளிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. “பலகை நல்லாத்தான் இழைச்சிருக்கிறாய்,” என்று மட்டும் சொல்லிப் பெட்டியைத் தூக்கினார்.

நேரே முருகேசுவின் வீட்டுக்குப் போனார். முருகேசு வேலிப் படலைக்கு வந்து பெட்டியைப் பார்த்தார், பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தார்.

“ஓம் அண்ணை. நான்தான்.”

“எத்தினை வருஷமா?”

“ஆறு வருஷம். காரைநகர்த் திருவிழாவிலை உங்கடை குரல் உடைஞ்சு சனம் கூக்காட்டினது ஞாபகமே? இனி மேடையே வேண்டாம் எண்டு ஒரு மாதம் பாயிலை கிடந்தியள். அதுக்குப் பிறகு ஒவ்வொரு திருவிழாக் காலத்துக்கு முன்னமும் கொஞ்சம் கொஞ்சமாச் சுரண்டினனான்.”

“மிருதங்கக்காரனுக்கும் தெரியுமோ?”

“அவருக்குத் தெரியாமல் ஏலுமே? பெட்டியோடைதானே மிருதங்கத்துக்குச் சுருதி கூட்டுறவர்.”

ஆறு வருஷமாக மேடையில் அம்பலவாணருக்குப் பின்னால் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். சிரித்தார்களா, பரிதாபப்பட்டார்களா? எது என்று கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை.

வைகாசியில் பக்கத்துத் தீவில், இறுப்பிட்டியில் நாடகம். திரை விலகுமுன், “நாலரைக் கட்டையிலை வாசியும்,” என்றார், முருகேசுவைப் பார்க்காமல். அன்று குரல் ஒரு இடத்திலும் பிசகவில்லை. அம்பலவாணருக்கு வயதே போகவில்லை என்று சனம் சொன்னது. அப்படிச் சொன்ன ஒவ்வொரு முகத்தையும் அவர் உற்றுப் பார்த்தார். இவனுக்கும் தெரியுமோ?

விடிந்ததும் முருகேசு வழக்கம்போல் பெட்டியைத் தூக்கக் குனிந்தார்.

“வையும். இனி அது என்ரை வீட்டிலை இருக்கட்டும்.”

வேலணை பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அம்பலவாணர் இருந்தார். பக்கத்து இடம் வெறுமையாகக் கிடந்தும் முருகேசு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு தீவுக்கும் இடையிலான பாலம் பாதி கடந்தபிறகு அம்பலவாணர் கொஞ்சம் நகர்ந்து, “இதிலை இரும்,” என்றார்.

முருகேசு இருந்தார். அம்பலவாணர் பெட்டியில் இருந்து கையை எடுக்கவில்லை.