கண்ணை மூடிய கூட்டம்

ஏரி விவகாரத்தில் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறும் ஆட்களை ஒரே அறையில் உட்கார வைத்துப் பேச வைப்பதுதான் அவள் பிழைப்பு. சாயத் தொழிற்சாலை மேனேஜர், குடிநீர்த் துறை இன்ஜினியர், ஏரித் தண்ணீரைக் குடிக்கும் தெருக்காரர்கள் என்று எல்லோருக்கும் பள்ளிக்கூட ஹாலில் வட்டமாக நாற்காலி போட்டிருந்தாள். தொழிற்சாலையில் பம்ப் மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் அவள் தம்பியும் வந்திருந்தான். காலையில்கூட, "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, ஆளை விடு" என்றவன்.

இதுவரை நடந்த கூட்டங்களில் யாரும் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? கழிவு ஏரிக்குத்தான் போகிறது என்று போன வருஷம் சொன்ன தொழிற்சாலை வாட்ச்மேன் இன்றைக்கும் ஊன்றுகோலோடு நடக்கிறார். விபத்தாம்! நம்புகிறவன் நம்பட்டும்.

அதனால்தான் இன்று தன் கடைசி வித்தையை எடுத்தாள். எல்லோரும் கண்ணை மூட வேண்டும். அவள் கேட்பதற்கு ஆமாம் என்பவர்கள் கையைத் தூக்க வேண்டும். எத்தனை கை என்று மட்டும் சொல்வாள். யாருடைய கை என்று மூச்சு விடமாட்டாள். போன இடத்தில் எல்லாம் பலித்த முறை.

"ஏரிக்குள்ள கழிவு விடுறதை நேர்ல பார்த்தவங்க இருந்தா, கையைத் தூக்குங்க."

மின்விசிறி மட்டும் கடகடத்தது. பிறகு ஒரே ஒரு கை எழுந்தது. கிரீஸ் படிந்த கை. அடப்பாவி, அவள் தம்பி!

அவளுக்குப் பெருமை வந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் பயம் அதை அப்படியே விழுங்கிவிட்டது. சட்டென்று மேனேஜரைப் பார்த்தாள். கண் ஆபரேஷன் என்று கறுப்புக் கண்ணாடி போட்டு வந்திருந்தார். "சினிமா ஹீரோ மாதிரி இருக்கீங்க சார்" என்று வாசலில் கேலி செய்தவளும் அவள்தான். கழற்றச் சொல்லத் தோன்றவில்லை. புத்தி எங்கே போயிற்றோ!

கண்ணாடி மெல்லத் திரும்பியது. வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, தம்பியின் கைக்கு நேராக நின்றது. அங்கேயே நின்றது.

இப்போது கையை இறக்கச் சொல்லி என்ன பயன்? அந்த ஆள் பார்த்தது பார்த்ததுதான். அவருக்கு மட்டும் தெரிந்திருக்கும்வரை தம்பிக்கும் வாட்ச்மேன் கதிதான். எல்லோரும் பார்த்துவிட்டால் தொடுவதற்கு யோசிப்பார்கள். யோசிப்பார்களா? கடவுளே, யோசிக்க வேண்டும்.

"எல்லாரும் கண்ணைத் திறங்க," என்றாள். "தம்பி, நீ கையை இறக்காதே."

எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின. அவன் முகம் வெளுத்துப்போயிற்று. கூடப் பிறந்தவளே கழுத்தை அறுத்துவிட்டாளே என்பதுபோல் அவன் பார்த்ததை அவளால் தாங்க முடியவில்லை.

"யாரும் பார்க்க மாட்டாங்கன்னு சொன்னியேக்கா?"

"சொன்னேன்டா." மேனேஜரைக் காட்டினாள். "அவர் கண்ணை மூடல."

தம்பி அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தான். தூக்கிய கையை இறக்கவில்லை.