மதுரைப் பெட்ரோல்

1.

இந்தக் கதை என் காதில் விழுந்தது. (இல்லை, ஒட்டுக்கேட்டேன்.) என் ஸ்கூட்டருக்கு பிரேக் பிடிக்கவில்லை என்று திண்டுக்கல் பேகம்பூரில் ரஃபீக் பாயின் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். வேறு வேலையில்லாதவனுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

முதல் தொடக்கம்: "அமலன் இறந்து ஐந்து மாதமாகியும் அவருடைய பழைய பியட் கார்..." வேண்டாம். சாவில் தொடங்கினால் நீங்கள் இப்போதே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வீர்கள்.

இரண்டாவது: "பழைய இன்ஜினுக்கு எந்தப் பெட்ரோல் ஏற்றது?" இது கட்டுரை மாதிரி இருக்கிறது. ஆனாலும் இது இல்லாமல் கதை நகராது, பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களை அது அரித்துவிடும் என்று அமலனுக்குப் பயம். கலக்காத பெட்ரோல் மதுரையில் ஒரு பங்க்கில் கிடைத்தது. அதை வாங்கத் திண்டுக்கல்லிலிருந்து அந்தக் காரிலேயே போவார்.

2.

அவர் மனைவி ஐரின் டீச்சர் இதைச் சொல்லிக் கேலி செய்யாத நாளில்லை.

"பெட்ரோல் வாங்க பெட்ரோலை எரிச்சுக்கிட்டுப் போற ஒரே மனுசன் எங்க வீட்லதான் இருக்காரு."

சொல்லிக்கொண்டே கூடப் போவார். இடதுபக்க இருக்கை, ஜன்னலில் சிறுமலை, திரும்பும்போது கொடைரோட்டில் திராட்சை. [திராட்சை நான் சேர்த்தது. அந்த வழியாக வருகிறவர்கள் வாங்காமல் வர மாட்டார்கள்.]

போன வருடம் ஒருநாள், "முட்டி வலிக்குது, இனிமே நீங்களே போய்ட்டு வாங்க" என்றுவிட்டார். அமலன் போகவில்லை. அதன்பிறகு வண்டியையே எடுக்கவில்லை. சலித்துவிட்டது போல என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். அப்புறம் நெஞ்சுவலி வந்து அவர்

(இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும்.)

3.

காரை வாங்க ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். "ஏனுங்க, இதுக்கு எந்தப் பெட்ரோலுங்க ஊத்தோணும்?" மதுரைப் பெட்ரோல் என்பதற்கு மேல் டீச்சருக்குத் தெரியவில்லை. காரைக் கட்டியிழுத்துப் பட்டறைக்குக் கொண்டுவரச் செய்தார்.

ரஃபீக் பாய் பானெட்டைத் திறந்தார்.

"எதை வேணும்னாலும் ஊத்தலாம் டீச்சர். ஓஸ் குழாய், வாஷர் எல்லாம் எத்தனால் தாங்குற புது ரகம். நாந்தான் மாத்துனேன், நாலு வருசம் இருக்கும்."

"மாத்தியாச்சா? அப்புறம் எதுக்கு மதுரைக்குப் போனாரு?"

பாய் கையைத் துடைத்துக்கொண்டார். "'டீச்சர்ட்ட சொல்லிராதீங்க பாய், தெரிஞ்சா என்கூட வர மாட்டா'ன்னாரு."

டீச்சர் அழுதார் என்று எழுதி, அடித்துவிட்டேன். அழவில்லை. "நான் வரலைன்னதும் வண்டியவே எடுக்கலையே பாய்" என்றார். அழுகை எனக்குத்தான் வந்தது. சம்பந்தமில்லாதவன் அழுதால் நன்றாக இருக்காது என்று ஸ்கூட்டரைத் துடைத்தேன்.

4.

பாய் ஆறுதலுக்காகச் சொல்லியிருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். எட்டிப் பார்த்தேன். குழாய்கள் புது ரகம்தான்.

முடிவு ஒன்று: பக்கத்துப் பங்க்கில் நிரப்பி, ஒட்டன்சத்திரத்துக்காரரிடம் சாவியைக் கொடுக்கிறார். நியாயமான முடிவு. எழுத எனக்கு மனம் வரவில்லை.

முடிவு இரண்டு: விற்க மாட்டேன் என்கிறார். டீச்சருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஷெட்டில் நின்று துருப்பிடிக்கும்.

நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். தொட்டியில் கெட்டுப்போயிருந்த பெட்ரோலை இறக்கிவிட்டு, மதுரை வரை போகிற அளவுக்குப் புதிதாக ஊற்றி, பாய் இன்ஜினைக் கிளப்பிவிட்டு இறங்கினார். டீச்சர் பழக்கத்தில் இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

"எங்க போகணும் டீச்சர்?"

டீச்சர் பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் ஸ்கூட்டர் தயாராகிவிட்டது, நான் கிளம்பிவிட்டேன். உங்களுக்கு ஓட்டத் தெரியுமென்றால் ஏறுங்கள். வாசலில் இடதுபக்கம் திரும்பினால் பங்க், வலதுபக்கம் மதுரை ரோடு. எங்கே போனாலும் மெதுவாகப் போங்கள், அவருக்கு முட்டி வலிக்கும்.