சொல்லி எழுதியது, திருப்பிப் படிக்காதது

இறுதிச் சடங்கு நடத்தும் லியோ பாடுபட்டு நேராக்கி வைத்திருந்த டையை, பெட்டியை மூடுவதற்கு முன் நோரீன் குனிந்து இடப்பக்கமாகக் கொஞ்சம் கோணலாக்கினாள். எண்பத்து நான்கு வயதுவரை அவள் அப்பாவின் டை ஒரு நாள்கூட நேராக இருந்ததில்லை. நேரான டையோடு போனால் மேலே யாருக்கும் அடையாளம் தெரியாது.

லியோ அதைத் திரும்ப நேராக்கவில்லை. அவரையும் அவருடைய மூன்று பிள்ளைகளையும் பிரசவம் பார்த்து உலகத்துக்குள் இழுத்துப் போட்டவர்தான் பெட்டிக்குள் படுத்திருந்தார். லியோ ஒரு பழுப்புக் கவரை அவளிடம் நீட்டினார். செவ்வாய்க்கிழமை கிளினிக் நாற்காலியிலேயே இறந்துபோயிருந்தவரைத் தூக்கியபோது அவர் கம்பளிச் சட்டைப் பையில் இருந்தவை: இரண்டு பெப்பர்மின்ட், நாக்கை அழுத்திப் பார்க்கும் ஒரு குச்சி, உள்ளங்கை அளவு டேப் ரெக்கார்டர். நோரீன் அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கோவிலுக்குள் போனாள்.

கான்சாஸின் மேற்குக் கோடியில், கோதுமைச் சேமிப்புக் கோபுரமும் மாதா கோவிலும்தான் உயரம் என்று சொல்லிக்கொள்ள இருக்கிற வால்பர்க் ஊர் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தது. நோரீனின் அப்பா ஆல்வின் கெர்ஸ்ட்னர் அந்த ஊரின் ஒரே டாக்டர். அறுபது மைல் தள்ளி இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் பிரென்டன் ஹாலிஸ் இரங்கல் உரையை வலியக் கேட்டு வாங்கியிருந்தார். பன்னிரண்டு நிமிடம் பேசினார். அதில் ஹாலிஸ் படித்த கல்லூரி வந்தது, ஹாலிஸ் வாங்கிய விருது வந்தது, ஹாலிஸ் கட்டிய இதயப் பிரிவு வந்தது. இறந்தவர் ஒன்பதாவது நிமிடத்தில் வந்தார்.

"ஐம்பத்தெட்டு வருடம். ஒரு தவறுகூடச் செய்யாத கை. நம்மிடையே வாழ்ந்த புனிதர்," என்று முடித்துவிட்டு, கைதட்டல் வராத இடம் அது என்பது ஞாபகம் வராமல் ஒரு கணம் நின்றார்.

அப்பா இருந்திருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பார் என்று நோரீன் நினைத்துக்கொண்டாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

மண் போட்டுவிட்டு வந்ததும் கோவிலின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. முட்டைக்கோசும் மாட்டுக்கறியும் அடைத்த பீரக் ரொட்டி, பன்றிக்கறி, காரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி. அந்த ஜெல்லியை இந்த ஊரில் யாரும் விரும்பிச் சாப்பிட்டதில்லை. அது இல்லாமல் யாரையும் புதைத்ததும் இல்லை. காபி ஊற்றிக்கொண்டிருந்தவள் ட்வைலா வெர்த். ஆம்புலன்ஸ் சீருடையிலேயே வந்திருந்தாள். அன்று அவளுக்கு டியூட்டி.

ட்வைலாவுக்கு முப்பத்தேழு வயது. இரண்டு பிள்ளைகள். பதினோரு வருடமாக ஆம்புலன்ஸில் முதலுதவிக்காரி. முப்பது வயதில் திடீரென்று டாக்டருக்குப் படிப்பேன் என்று கிளம்பி, பக்கத்து ஊர்க் கல்லூரியில் வேதியியல் வகுப்பில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுந்தவள். மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போட்டால், உன்னை நேரில் பார்த்த ஒரு டாக்டரின் சிபாரிசுக் கடிதம் எங்கே என்று கேட்பார்கள். அந்தக் கடிதம் நேராகக் கல்லூரிக்குப் போகும். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று மனுதாரர் கையெழுத்தும் போட வேண்டும். போடாவிட்டால் சந்தேகப்படுவார்கள்.

போன வருடம் அவளுக்குக் கடிதம் கொடுத்தவர் ஹாலிஸ். நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியே, மாநில அளவில் டென்னிஸ் விளையாடியது உங்கள் மருத்துவப் பார்வையை எப்படி மாற்றியது என்பதாக இருந்தது. ட்வைலா டென்னிஸ் மட்டையைக் கடையில்கூடத் தொட்டதில்லை. ஹாலிஸிடம் கடிதம் ஒன்றுதான் இருந்தது. வருடத்துக்கு வருடம் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார். விழித்தவளை, விண்ணப்பத்தில் பொய் சொன்னவள் என்று குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

இந்த வருடம் மிசூரியில் ஒரு ஆஸ்டியோபதிக் கல்லூரி. எலும்பையும் தசையையும் தொட்டுப் பார்த்து வைத்தியம் செய்வதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் வழி அது; படித்து வருகிறவர்கள் மற்றவர்களைப் போலவே முழு டாக்டர்கள். ஆனால் கடிதம் தங்கள் வழியில் படித்தவரிடமிருந்துதான் வர வேண்டும் என்பார்கள். இந்தப் பக்கத்தில் அப்படி ஒருவர்தான் இருந்தார். காலையில் அவரைப் புதைத்தாயிற்று. மனுவுக்கான கெடு அன்று மாலை ஐந்து மணி.

இதெல்லாம் நோரீனுக்குத் தெரியும். முப்பத்தோரு வருடமாக அப்பாவின் கிளினிக்கில் வரவேற்பும் தட்டச்சும் அவள்தான். ட்வைலா மூன்று நாளாக அதைப் பற்றி மூச்சு விடவில்லை என்பதையும் கவனித்திருந்தாள்.

மூச்சு விட்டவர் ஹாலிஸ். ரொட்டித் தட்டோடு வந்து, அறைக்கே கேட்கும்படி, "உன் கடிதம் என்னாச்சும்மா? கவலைப்படாத. நீயே ஒண்ணு எழுதிட்டு வா, நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்," என்றார்.

ட்வைலா அவர் கோப்பையை நிரப்பினாள். "டென்னிஸே இருக்கட்டுமா டாக்டர், இல்ல இந்த வருஷம் நீச்சல் போட்டுக்கவா?"

அவருக்குப் புரியவில்லை. உடம்புக்கு எல்லா விளையாட்டும் நல்லது என்று சொல்லிவிட்டு ஜெல்லிப் பக்கம் நகர்ந்தார்.

நோரீன் ட்வைலாவின் கையிலிருந்த கூஜாவை வாங்கி மேஜையில் வைத்தாள். "அப்பா உன்கிட்ட என்னதான் சொன்னார்?"

"விடுங்க நோரீன். இன்னைக்குப் போய் அதப் பேசுவாங்களா? அடுத்த வருஷம் பாத்துக்கறேன்."

"அடுத்த வருஷம் யாரு எழுதுவா? ஹாலிஸா? சொல்லு, என்ன சொன்னார்?"

"செவ்வாக்கிழமை மத்தியானம் கேட்டேன். 'உன்னோடத இன்னைக்குச் சொல்லிடறேன்'னார். அவ்வளவுதான்."

எழுதிடறேன் என்று சொல்லவில்லை. கெர்ஸ்ட்னர் டாக்டர் எதையும் எழுதியதில்லை. ரெக்கார்டரில் சொல்வார், நோரீன் கேட்டுத் தட்டுவாள், அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். நோரீன் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

கிளினிக் சாலைக்கு அந்தப் பக்கம். மணி இரண்டரை. ட்வைலா காத்திருப்போர் அறையோடு நின்றுகொண்டாள்.

"உள்ள வாயேன்," என்றாள் நோரீன்.

"மாட்டேன். பாக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"இது பாக்கறது இல்லடி, கேக்கறது."

"ரெண்டும் ஒண்ணுதான்." கதவைத் தானே சாத்திக்கொண்டாள்.

நோரீன் டேப்பைப் பின்னுக்கு ஓட்டி விசையை அழுத்தினாள். சலசலப்பு. பிறகு அப்பா, தொண்டையைச் செருமிக்கொண்டு, உயிரோடு.

முதலில் யாரோ ஒருவரின் இடது முழங்கால். அடுத்தது ஒரு குழந்தையின் காது. பிறகு: "கல்லூரிக்காரங்களுக்குக் கடிதம், நோரீன். நம்ம தலைப்புத் தாள்ல போடு. ஐயா, அம்மா, கமா. ட்வைலா வெர்த்தைப் பதினோரு வருடமாக எனக்குத் தெரியும், முற்றுப்புள்ளி. அவள் புத்திசாலியா என்று கேட்டிருக்கிறீர்கள், முற்றுப்புள்ளி. புத்திசாலிகள் கைவைத்ததைச் சரிசெய்வதில்தான் என் பாதி ஆயுள் போயிருக்கிறது, முற்றுப்புள்ளி. புதுப் பத்தி."

நோரீனின் விரல்கள் தானாகத் தட்டிக்கொண்டு போயின.

"மூன்று வருடம் முன்பு ஒரு பனிப்புயலில் ஒரு விவசாயியை என்னிடம் கொண்டு வந்தாள், முற்றுப்புள்ளி. வழியில் ஒரு மருந்தை இரண்டு பங்கு கொடுத்துவிட்டிருந்தாள், முற்றுப்புள்ளி. ஆள் பிழைத்துக்கொண்டார், கமா, அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்றுவரை யாருக்கும் தெரிந்திருக்காது, முற்றுப்புள்ளி. நான் கோட்டைக் கழற்றுவதற்குள் என்னிடம் சொன்னாள், முற்றுப்புள்ளி. யாரும் சொல்லாமலேயே வெளியே போய் அவர் மனைவியிடமும் சொன்னாள், முற்றுப்புள்ளி. அந்த அம்மாள் அறைந்தார், முற்றுப்புள்ளி. வாங்கிக்கொண்டு திரும்பி வந்து அந்த விவசாயியின் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், முற்றுப்புள்ளி. புதுப் பத்தி."

நோரீன் புதுப் பத்திக்கு இறங்கினாள்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் எனக்கும் அப்படி ஒரு நாள் வந்தது, முற்றுப்புள்ளி. என் ஆள் பிழைக்கவில்லை, முற்றுப்புள்ளி. எல்ம் தெருவில் அவர் வீட்டு வாசல்வரை போனேன், கமா, மணியை அடிக்காமல் திரும்பி வந்துவிட்டேன், முற்றுப்புள்ளி. ஆகவே இவள் என்னைவிட நல்ல டாக்டராக வருவாள் என்று சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது, முற்றுப்புள்ளி." ஒரு பெருமூச்சு. "நோரீன், இந்தக் கடைசிப் பத்தியை வைக்கறதா எடுக்கறதான்னு படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன். நீ தட்டிக் கொண்டா. அந்தப் பீச் பழக் கேக் மிச்சம் இருக்கா?"

நாற்காலி கிறீச்சிட்டது. டேப் நின்றது.

கேக் இருந்தது. அவள்தான் ஒரு துண்டு வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். போன் அடித்தது என்று போய்த் திரும்பி வந்தபோது பாதிக் கேக் தட்டில் இருந்தது.

எழுபத்தொன்பதில் நோரீனுக்குப் பன்னிரண்டு வயது. கோவிலுக்கு எல்ம் தெரு வழியாகப் போனால் மூன்று நிமிடம். அப்பா எப்போதும் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு காரை ஓட்டுவார். ஏன் என்று கேட்டால் அந்தத் தெருவில் ஒரு பொல்லாத நாய் இருக்கிறது என்பார். அவள் வளர்ந்து, கல்யாணமாகி, விவாகரத்தும் ஆகித் திரும்பி வந்த பிறகும் அந்த நாய் உயிரோடு இருந்தது. இன்று காலை லியோவின் கறுப்பு வண்டி அப்பாவை ஏற்றிக்கொண்டு எல்ம் தெரு வழியாகத்தான் போனது. அவள் எந்த நாயையும் பார்க்கவில்லை.

தாளைப் பார்த்தாள். அவள் எத்தனையோ சிபாரிசுக் கடிதங்களைப் படித்திருக்கிறாள். எல்லாவற்றிலும் எல்லாரும் வானத்திலிருந்து இறங்கியவர்கள். மருந்தை இரண்டு பங்கு கொடுத்தாள் என்று எழுதிய கடிதம் ஒன்றுகூட இல்லை. அந்தப் பத்தியைப் படித்ததும் கல்லூரிக்காரர்கள் கோப்பை மூடிவிடலாம். கடைசிப் பத்தியைப் படித்தால், காலையில் ஊரே புனிதர் என்று புதைத்தவரை மிசூரியில் யாரோ நாலு பேர் வேறு மாதிரி தெரிந்துகொள்வார்கள். இரண்டையும் எடுத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. எடுப்பதா என்று கேட்க ஆளும் இல்லை.

கதவைத் திறந்தாள். ட்வைலா பழைய விவசாயப் பத்திரிகை ஒன்றைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

"ட்வைலா, அதுல ஒரு விஷயம்..."

"சொல்லாதீங்க."

"ரெண்டு வருஷமா இதுக்குத்தானேடி மனுப் போட்டுக் காத்திருக்க."

"சொல்லாதீங்க நோரீன்." பத்திரிகையை மடித்து வைத்தாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. டென்னிஸ் இருக்கா?"

"இல்ல."

"அப்ப அனுப்புங்க."

நோரீன் கல்லூரிக்குப் போன் செய்தாள். எடுத்த பெண்ணிடம் நடந்ததைச் சொன்னாள். கையெழுத்து வேண்டுமே என்றாள் அந்தப் பெண். கையெழுத்துப் போட வேண்டியவரை இப்போதுதான் புதைத்துவிட்டு வருகிறேன் என்றாள் நோரீன். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, அந்தக் காலத்து டாக்டர்கள் கடிதத்தின் அடியில் ஒரு வரி போடுவார்களே, அதைப் போட்டு, நடந்ததையும் நீங்களே எழுதி உங்கள் பெயரில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், நான் கோப்பில் சேர்க்கிறேன் என்றாள்.

அந்த வரி நோரீனுக்குத் தெரியும். மற்ற டாக்டர்கள் அவசரத்துக்கு அதைத்தான் போடுவார்கள். அப்பா ஒருநாளும் போடவிட்டதில்லை; படிக்காமல் அனுப்புவது பார்க்காமல் ஊசி போடுவது மாதிரி என்பார்.

அவள் திரும்ப உட்கார்ந்து, கடிதத்தை முதலிலிருந்து கடைசி முற்றுப்புள்ளிவரை ஒரு முறை படித்தாள். ஒரு கமாவைக்கூட எடுக்கவில்லை. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டாள். அதற்குக் கீழே 'டாக்டர் சொல்லி எழுதியது. அவர் திருப்பிப் படிக்கவில்லை' என்று தட்டினாள். அதற்கும் கீழே, வழக்கம்போல, சொன்னவரின் முதலெழுத்துகள் பெரிதாக, ஒரு கோடு, தட்டியவளின் முதலெழுத்துகள் சிறிதாக. தன் குறிப்பைத் தனித் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டையும் ஃபேக்ஸில் அனுப்பினாள்.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு வெளியே ட்வைலாவின் போன் சிணுங்கியது. கோப்பு முழுமையாகிவிட்டது என்று வந்திருக்க வேண்டும். அவள் உள்ளே வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே, "நோரீன், சாப்பிட்டீங்களா? காலையிலேர்ந்து நீங்க ஒண்ணும் தொடல," என்றாள்.

"சாப்பிடறேன்."

"பீரக் எடுத்து வச்சிருக்கேன். ஜெல்லி வேணாம்ல?"

"வேணாம்."

அதற்குள் ட்வைலாவின் இடுப்பிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது. யாருக்கோ மார்வலி. ஆம்புலன்ஸ் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

முப்பத்தோரு வருடமாகக் கடிதம் போனதும் செய்கிற அடுத்த வேலை ஒன்று உண்டு. டேப்பை முதலுக்கு ஓட்டி, அழித்து, அப்பாவின் மேஜையில் மறுநாளைக்கு வைப்பது. நோரீன் டேப்பை முதலுக்கு ஓட்டினாள். ரெக்கார்டரிலிருந்து வெளியே எடுத்தாள். அதன் விளிம்பில், அழிக்கவும் மேலே பதியவும் முடியாமல் செய்வதற்கென்றே உள்ள சின்னப் பிளாஸ்டிக் நாக்குகள் இரண்டையும் நகத்தால் நெம்பி, ஒவ்வொன்றாக உடைத்தாள்.